பக்கக் கண்ணாடியின் வரலாறும் பழுதும்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே பேசுவர். அது குடிக்கும் பெட்ரோலைப் பற்றிப் பேசுவர். விலையைப் பற்றியும் பேசுவர். கதவோரத்தில் காது போல நீட்டிக்கொண்டிருக்கும் பக்கக் கண்ணாடியைப் பற்றிப் பேசுவோர் அரியர். அது உடைந்தாலோ, பொத்தானை அழுத்தியும் அசையாது நின்றாலோதான் நாம் அதனை நினைக்கிறோம். அப்பொழுதுங்கூட, 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைப்பதே நம் வழக்கமாக இருக்கிறது. வண்டி ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, கண்ணாடி சற்றே கோணி நின்றால் என்ன குறைந்துவிடும் என்பது நம் எண்ணம். இவ்வெண்ணம் பிழையானது என்பதை, இக்கண்ணாடி வண்டியில் இடம்பெற்ற வரலாற்றைப் பார்த்தால் தெளியலாம். ஒரு மனிதன் அமர்ந்திருந்த இடத்துக்கு மாற்றாக வந்தது இக்கண்ணாடி. ஆகவே, அது பழுதுற்று நிற்கும் வண்டியில் ஓர் ஆள் குறைவு என்றே கொள்ளவேண்டும்.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் பின்னால் பார்க்கவேண்டிய தேவை பெரிதாக இருக்கவில்லை. வண்டிகள் மிகச் சிலவே; வேகமும் குறைவு; மேற்கூரையும் பக்கச் சுவரும் இல்லாமையால் தலையைத் திருப்பினாலே நாற்புறமும் தெரியும். செல்வர்களின் வண்டிகளில் சாரதியின் அருகில் மெக்கானிக் ஒருவரும் அமர்ந்திருப்பார். எஞ்சினைக் கவனிப்பதும், பின்னால் யாரேனும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துச் சொல்வதும் அவர் வேலை. தனியாக வண்டி ஓட்டத் துணிந்தவர்களுக்கே பின்புறம் ஒரு சிக்கலாயிற்று.

அவ்வாறு துணிந்தவர்களுள் ஒருவர் டோரதி லெவிட் என்னும் ஆங்கிலப் பெண்மணி. மோட்டார்ப் பந்தயங்களில் கலந்துகொண்டு புகழ்பெற்ற இவர், பெண்கள் தாமே வண்டியோட்டக் கற்றுக்கொள்ளும் பொருட்டு 1909இல் ஒரு நூல் வெளியிட்டார். வண்டியில் எப்போதும் ஒரு சிறு கைக்கண்ணாடியை வைத்திருங்கள் என்று அந்நூலில் அவர் அறிவுரை கூறுகிறார். முகம் பார்ப்பதற்கு மட்டும் அன்று. ஓட்டும்போது அவ்வப்போது அதனைத் தூக்கிப் பிடித்தால் பின்னால் வருவது தெரியும் என்பது அவர் கண்ட உபாயம். உடன் ஆள் இல்லாது செல்லும் ஒருவர், அந்த ஆளின் கண்ணுக்கு மாற்றாக ஒரு கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டார். பக்கக் கண்ணாடியின் கருத்து முழுவதும் இச்சிறு அறிவுரையில் அடங்கியிருக்கிறது.

இரண்டாண்டுகள் கழித்து அமெரிக்காவில் நடந்த நிகழ்ச்சி உலகப் புகழ் பெற்றது. இண்டியானாபொலிஸ் நகரில் 1911ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், 500 மைல் மோட்டார்ப் பந்தயம் முதன்முறையாக நடைபெற்றது. 40 வண்டிகள் கலந்துகொண்டன. ஏனைய போட்டியாளர்கள் தத்தம் மெக்கானிக்கை அருகில் அமர்த்திக்கொண்டிருக்க, ரே ஹாரூன் என்பவர் மட்டும் ஒற்றை இருக்கை கொண்ட மார்மன் வண்டியில் தனியே வந்தார். எடை குறைந்தால் வேகம் கூடும் என்பது அவர் கணக்கு. பின்னால் வருவதைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத வண்டி பிறருக்கு அபாயம் என்று மற்றவர்கள் முறையிட்டனர். ஹாரூன் தம் முன்னே நான்கு கம்பிகளை நாட்டி, அவற்றின்மேல் ஒரு கண்ணாடியைப் பொருத்திக் காட்டினார். 1904இல் சிகாகோ நகரில் குதிரை வண்டி ஒன்றில் இத்தகைய கண்ணாடியைக் கண்ட நினைவே இதற்குக் காரணம் என்று அவர் பின்னாளில் கூறினார். முறையீடு அடங்கியது. ஹாரூன் ஏறத்தாழ 6 மணி 42 நிமிடத்தில் 500 மைலைக் கடந்து வெற்றி பெற்றார்.

இக்கதையில் பலர் சொல்லாது விடும் பகுதிகள் இரண்டு. முதலாவது, அந்தக் கண்ணாடி அன்று பயன்படவே இல்லை. பந்தயத் தளம் செங்கல் பாவியது. வண்டியின் அதிர்வில் கண்ணாடியில் எதுவுமே தெளிவாகத் தெரியவில்லை என்பதை ஹாரூனே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். இரண்டாவது, அடுத்த ஆண்டே அப்பந்தயத்தில் மெக்கானிக் ஒருவர் உடன் வரவேண்டும் என்பது விதியாயிற்று. 1922 வரையில் அவ்விதி நீடித்தது. ஆளா கண்ணாடியா என்ற வழக்கில் முதல் தீர்ப்பு ஆளின் பக்கமே கிடைத்தது என்று கொள்ளலாம். கண்ணாடி இருந்தால் மட்டும் போதாது, அது அசையாது நிற்கவும் வேண்டும், ஓட்டுபவன் விரும்பும் கோணத்தில் திரும்பவும் வேண்டும் என்னும் பாடத்தை அந்தச் செங்கல் தளம் அன்றே புகட்டியது.

பந்தயத்தை விட்டு வீதிக்கு வந்த கண்ணாடியின் கதை சற்று வேடிக்கையானது. எல்மர் பெர்கர் என்னும் அமெரிக்கர் 1921இல் பின்நோக்குக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்று, அதனை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதற்கு இடப்பட்ட பெயர் 'காப் ஸ்பாட்டர்'. வேகமாகச் செல்லும் வண்டியைத் துரத்திவரும் போலீஸ்காரரை முன்கூட்டிக் கண்டுகொள்ளும் கருவி என்பது அதன் பொருள். பாதுகாப்பின் பெயரால் அன்று, தப்பித்துக்கொள்ளும் உபாயமாகவே அது மக்களிடம் அறிமுகமாயிற்று. காலம் செல்லச் செல்ல வண்டிகள் பெருகின. மூடிய உடல் கொண்ட வண்டிகள் வழக்கமாயின. பின்புறத்துச் சிறு ஜன்னலைச் சரக்கும் மனிதரும் மறைத்தனர். உட்புறக் கண்ணாடி போதாமல், வெளிப்புறத்திலும் கண்ணாடி வேண்டியதாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ஆளின் ஆட்சி நெடுங்காலம் நீடித்தது. லாரியின் இடப்புற ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு வரும் கிளீனரை, வடக்கே கலாசி என்று அழைக்கப்படுபவரை, அறியாதார் இல்லை. அவர்தாம் அந்த லாரியின் இடப்பக்கக் கண்ணாடி. பேருந்துகளிலும் இதே நிலைதான். தமிழ்நாட்டுக் கண்டக்டரின் விசில், மும்பைப் பேருந்தின் மணிக்கயிறு, கொல்கத்தாவின் தனியார் பேருந்தில் தகரத்தைத் தட்டும் உதவியாளரின் உள்ளங்கை ஆகிய யாவும், பின்னால் நடப்பதைச் சாரதிக்குத் தெரிவிக்கும் வெவ்வேறு மொழிகளே. வேலையின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நம்மில் பலர், வந்த ஊரின் மொழியைக் கற்பதற்கு முன்பே அவ்வூர்ப் பேருந்தின் இம்மொழியைக் கற்றுக்கொண்டோம்.

ஆளும் இல்லை, கண்ணாடியும் சரியில்லை என்ற நிலையில் காதை நம்புவது மூன்றாவது வழி. நெடுஞ்சாலையில் லாரிகளின் பின்புறத்தில் 'ஹார்ன் ப்ளீஸ்' என்றும் 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்' என்றும் வண்ண எழுத்துகளில் தீட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். 'உன்னை நான் பார்க்கமாட்டேன், நீயே ஒலி எழுப்பித் தெரிவி' என்பதுதான் அதன் உட்பொருள். வீணான ஒலியை அது தூண்டுகிறது என்று கூறி மகாராஷ்டிர அரசு 2015இல் அச்சொற்றொடரை எழுதுவதற்குத் தடை விதித்தது. சொல்லை அழித்துவிடலாம், ஆயினும் பின்னால் வருபவனைக் காணும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அழிவதில்லை.

சொந்தக் கார் வைத்திருந்த குடும்பங்களின் நிலையும் இதிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் உருவாகி வந்த அம்பாசிடரிலும், மும்பையின் குர்லாவில் உருவாகி வந்த பிரீமியர் பத்மினியிலும் வெளிப்புறக் கண்ணாடியைக் கையால்தான் திருப்பவேண்டும். வலப்புறத்தது சாரதியின் கைக்கு எட்டும். இடப்புறத்ததை மனைவியோ மக்களோ எட்டித் திருப்ப, 'இன்னும் சற்று மேலே, இன்னும் சற்று வெளியே' என்று சாரதி சொல்லிக்கொண்டிருப்பார். பிற்காலத்தில் விலை குறைந்த சிறு கார்கள் பல, வலப்புறக் கண்ணாடி ஒன்றோடு மட்டுமே விற்கப்பட்டன. இடப்புறத்ததை வேண்டுவோர் தாமே வாங்கிப் பொருத்திக்கொண்டனர். 1993இல் கார்த் தொழிலுக்கு இருந்த உரிமக் கட்டுப்பாடு நீங்கியபின் பல நாட்டு நிறுவனங்களின் வண்டிகள் வந்தன. அவற்றோடு, சாரதி தன் இருக்கையில் அமர்ந்தபடியே பொத்தானை அழுத்தித் திருப்பும் மின்விசைக் கண்ணாடியும் பரவலாயிற்று.

இப்பொத்தான் ஒரே நாளில் பிறந்ததன்று. 1960களில் அமெரிக்கக் கார்களில், கதவின் உட்புறத்துச் சிறு பிடியிலிருந்து மெல்லிய கம்பிவடங்கள் சென்று கண்ணாடியை இழுத்துத் திருப்பும் அமைப்பு இருந்தது. பின்னர்க் கம்பிவடத்தின் இடத்தை மின்மோட்டார் பெற்றது. ஜப்பானின் கதை தனித்தன்மை உடையது. 1983 வரையில் அந்நாட்டுச் சட்டம், கண்ணாடிகள் எஞ்சின் மூடியின் இருபுறத்து முன்விளிம்பில் இருக்கவேண்டும் என்று விதித்திருந்தது. கதவில் வைக்க அனுமதி கிடைத்தபின், நெருக்கமான தெருக்களில் அவை இடித்துக்கொள்ளாதபடி மின்விசையால் மடங்கும் கண்ணாடியை ஜப்பானியர் 1984இல் உருவாக்கினர். கரோல் பாக் சந்தின் இரு சுவர்களுக்கு இடையே காரை நுழைப்போர், அவர்களுக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

கண்ணாடித் தகட்டின் வளைவையும் இங்கே அறிந்துகொள்ளவேண்டும். மாற்றுக் கண்ணாடி வாங்கும்போது இவ்வறிவு பயன்படும். பக்கக் கண்ணாடிகள் பல சற்றே புடைத்தவை, அதாவது குவி ஆடிகள். தட்டையான ஆடியைக் காட்டிலும் இவற்றில் அகன்ற பரப்புத் தெரியும். ஆனால் உருவம் சிறுத்துத் தோன்றும். ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் விதியில், காரின் முதன்மைப் பக்கக் கண்ணாடியின் வளைவு ஆரம் 1200 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அத்தகைய கண்ணாடியில், 12 மீட்டர் பின்னால் வரும் வண்டி ஏறத்தாழ 24 மீட்டர் தொலைவில் வருவதுபோன்ற அளவில் தோன்றும். கண்ணாடியில் தெரிபவை தோன்றுவதைவிட அருகில் உள்ளன என்று சில கண்ணாடிகளில் எழுதியிருப்பதன் காரணம் இதுவே. ஒரு பக்கம் தட்டையான கண்ணாடியும் மறுபக்கம் புடைத்த கண்ணாடியும் பொருத்திவிட்டால், ஒரே வண்டி இரண்டு தொலைவுகளில் தோன்றும். இது பழக்கமில்லாத சாரதியை ஏமாற்றிவிடும்.

இனி மின்விசைக் கண்ணாடியின் உள்ளமைப்பைக் காண்போம். கண்ணாடித் தகடு ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஒட்டப்பட்டு, நடுவில் குமிழ் போன்ற ஓர் அச்சின்மேல் அமர்ந்திருக்கிறது. அதன் பின்னே இரண்டு சிறு மோட்டார்கள் உள்ளன. ஒன்று மேலும் கீழுமாகவும், மற்றொன்று உள்ளும் புறமுமாகவும் தகட்டை அசைக்கும். ஒவ்வொன்றும் பற்சக்கரங்களின் வழியே ஒரு திருகு தண்டை முன்னும் பின்னும் தள்ளுகிறது. எளிய அமைப்புகளில் இரண்டு மோட்டார்களுக்கும் மூன்று கம்பிகளே உண்டு. ஒன்று இரண்டுக்கும் பொது. மின்சாரம் பாயும் திசையை ஸ்விட்ச் மாற்றும்போது மோட்டாரும் திசை மாறிச் சுழலும். மடங்கும் கண்ணாடிக்கு மூன்றாவது மோட்டார் ஒன்று உண்டு. குளிர்ப் பிரதேசங்களுக்கான வண்டிகளில் பனிப்படலத்தை நீக்கும் வெப்ப இழையும் தகட்டின் பின்னே ஒட்டியிருக்கும்.

பழுது நேர்ந்தால் எங்கிருந்து ஆராய்வது? நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருத்துவம் தொடங்கவேண்டும் என்று வள்ளுவர் மருத்துவருக்குச் சொன்ன ஒழுங்கு இங்கேயும் பொருந்தும். வடநாட்டு நகரம் ஒன்றில் வாழும் நம் அன்பர் ஒருவர், இரண்டு கண்ணாடிகளும் அசையவில்லை என்று ஒரு பட்டறைக்குச் சென்றார். இரண்டையும் மாற்றவேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டனர். அவ்வூர் மொழியில் எதிர்க்கேள்வி கேட்க வராமையால் அவரும் சம்மதித்தார். புதிய கண்ணாடிகளும் அசையவில்லை. இறுதியில் பழுதாகியிருந்தது சில ரூபாய் விலையுள்ள ஃபியூஸ் ஒன்றே எனத் தெரியவந்தது. இரண்டும் ஒரே நாளில் நின்றுபோனால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் குற்றம் இருக்கவேண்டும் என்ற சிறு தர்க்கம் அவருடைய பணத்தைக் காத்திருக்கும்.

அத்தர்க்கத்தை விரித்துச் சொல்வோம். முதலில் சாவியைத் திருப்பி மின்சாரம் வரும் நிலையில் வையுங்கள். இடம், வலம் என்று தேர்ந்தெடுக்கும் குமிழ் நடுவில் நின்றால் எந்தக் கண்ணாடியும் அசையாது. குமிழ் உரிய பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரு கண்ணாடிகளும் அசையாவிடில் ஃபியூஸையும், அதன்பின் ஸ்விட்சையும், அதற்குரிய எர்த் இணைப்பையும் ஐயுறவேண்டும். எந்த ஃபியூஸ் எதற்குரியது என்பது ஃபியூஸ் பெட்டியின் மூடியிலோ வண்டியோடு வரும் கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். எரிந்ததன் இடத்தில் அதே ஆம்பியர் அளவுள்ளதையே இடவேண்டும். பெரிய அளவுள்ளதை இட்டால் கம்பி கருகும்.

ஒரு கண்ணாடி அசைந்து மற்றொன்று அசையாவிடில் ஃபியூஸைப் பெரும்பாலும் குற்றமற்றது என்று விட்டுவிடலாம். அசையாத கண்ணாடியின் அருகில் காதை வைத்துக் கேட்கவேண்டும். மோட்டார் சுழலும் ஒலி கேட்டும் தகடு நகரவில்லை என்றால், பற்சக்கரம் தேய்ந்திருக்கிறது அல்லது தகடு தன் பிடியிலிருந்து கழன்றிருக்கிறது. ஒலியே இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது மோட்டார் இறந்துவிட்டது. மேலும் கீழும் அசைந்து, பக்கவாட்டில் மட்டும் அசையாவிடில், அத்திசைக்குரிய மோட்டாரையோ கம்பியையோ ஸ்விட்சின் தொடுமுனையையோ ஆராயவேண்டும்.

பலரும் மறக்கும் இடம் ஒன்று உண்டு. கதவுக்கும் வண்டி உடலுக்கும் இடையே, கீல் அருகில், ரப்பர் உறைக்குள் கம்பிகள் செல்கின்றன. ஒவ்வொரு முறை கதவைத் திறந்து மூடும்போதும் அவை மடங்கி நிமிர்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளேயுள்ள செம்பு இழை அறுந்துபோகும். வெளியே உறை முழுதாகவே தோன்றும். ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க, மற்றொருவர் கதவை மெதுவாக அசைத்துப் பார்க்கலாம். கண்ணாடி துடித்துத் துடித்து அசையுமானால் குற்றம் அவ்விடத்ததே. மழைநீர் புகுந்து கனெக்டரின் முனைகளில் பச்சை பூத்திருப்பதும் நம் நாட்டில் அடிக்கடி காணும் பழுது.

ஐயம் நீங்க ஒரு சோதனை போதும். கதவின் முன்மூலையில், கண்ணாடிக்கு நேர் உட்புறத்திலுள்ள முக்கோண மூடியை நீக்கினால் கனெக்டர் தெரியும். சில வண்டிகளில் கதவின் உட்பலகையையே கழற்றவேண்டியிருக்கும். மல்ட்டிமீட்டரின் முனைகளை உரிய கம்பிகளில் வைத்துப் பொத்தானை அழுத்தும்போது ஏறத்தாழ 12 வோல்ட் காட்டவேண்டும். எதிர்த்திசைப் பொத்தானை அழுத்தினால் அதே அளவு குறைக்குறியோடு காட்டும். மின்சாரம் வந்தும் கண்ணாடி அசையாவிடில் குற்றம் கண்ணாடியினுள். வராவிடில் குற்றம் அதற்கு முன்னால். கணிப்பொறியால் கட்டுப்படுத்தப்படும் புதிய வண்டிகளில் இச்சோதனையைப் பட்டறைக் கையேட்டின்படி செய்விப்பதே நன்று. கதவினுள் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் தென்பட்டால், அவை விபத்தின்போது விரியும் காற்றுப்பைகளைச் சார்ந்தவையாக இருக்கலாம்; அவற்றில் கை வைக்கலாகாது.

காரணம் தெரிந்தபின் மாற்றுதல் எளிது. தகடு மட்டும் உடைந்திருந்தால் முழுக் கண்ணாடியையும் மாற்றத் தேவையில்லை. கையுறையும் கண்காப்பும் அணிந்து, உடைந்த தகட்டின்மேல் ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். தகட்டின் ஓர் ஓரம் உள்ளே சாயும்படி அழுத்தினால் எதிர் ஓரம் வெளியே வரும். அதன் பின்னே பிளாஸ்டிக் நெம்புகோலை இட்டு மெல்ல நெம்பினால் பிடிகள் விடும். வெப்ப இழையின் கம்பிகள் இருந்தால் அவற்றைக் கழற்றி, புதிய தகட்டில் மாட்டிக்கொள்ளவேண்டும். புதியதை நேராக வைத்து, மடித்த துணியை அதன்மேல் வைத்து, நடுப்பகுதியில் உள்ளங்கையால் அழுத்தினால் 'டக்' என்று பொருந்தும். ஓரத்தில் அழுத்தினால் அதுவும் உடையும்.

முழுக் கண்ணாடியை மாற்றுவதாயின், சாவியை அணைத்துவிட்டு, உட்புற மூடியையும் கனெக்டரையும் நீக்கவேண்டும். பல வண்டிகளில் அதனைத் தாங்குபவை மூன்று திருகாணிகளே. அவற்றைத் தளர்த்தும்போது ஒருவர் வெளியே கண்ணாடியைத் தாங்கிப்பிடிக்கவேண்டும்; திருகாணி கதவின் குடலுக்குள் விழாதபடி கீழே ஒரு துணியை அடைத்துக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம். புதியதைப் பொருத்திக் கனெக்டரை மாட்டியவுடன், மூடியைப் போடுவதற்கு முன்பே நான்கு திசைகளிலும் அசைத்துப் பார்த்துவிடவேண்டும்.

பொருள் வாங்கும் இடம் நமக்கு எட்டாததன்று. தில்லியில் காஷ்மீரி கேட், கொல்கத்தாவில் மல்லிக் பஜார், பெங்களூரில் ஜே.சி. சாலை, சென்னையில் புதுப்பேட்டை என ஊருக்கு ஊர் உதிரிப்பாகக் கடைத்தெரு உண்டு. வடக்கே ஷீஷா என்று கேட்டால் தகட்டையும், சைடு மிரர் என்று கேட்டால் முழு அமைப்பையும் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். பழைய கனெக்டரின் முனைகளை எண்ணி, எந்தப் பக்கத்தது என்று குறித்து, முடிந்தால் பழைய பொருளையே கையில் எடுத்துச் செல்லுங்கள். தெருவோரத்தில் சாதாரண நிலைக்கண்ணாடியை வெட்டி ஒட்டித் தருவோரிடம் விலை மலிவுதான். ஆனால் அது தட்டையானது. மறுபக்கத்துக் கண்ணாடி புடைத்ததாயிருக்க, இது தட்டையாயிருந்தால் நேரும் ஏமாற்றத்தை முன்னரே சொன்னோம்.

கண்ணாடி அசைந்துவிட்டால் வேலை முடிந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். அதனைச் சரியான கோணத்தில் நிறுத்துவது அடுத்த கடமை. பலரும் தம் வண்டியின் பக்கவாட்டே பாதி தெரியும்படி கண்ணாடியை உள்நோக்கித் திருப்பி வைத்திருக்கிறோம். ஜார்ஜ் பிளாட்ஸர் என்னும் அமெரிக்கப் பொறியாளர், 1995இல் அந்நாட்டு மோட்டார்ப் பொறியாளர் சங்கத்தில் அளித்த ஆய்வுரையில் வேறொரு முறையை விளக்கினார். வலப்புறம் அமர்ந்து ஓட்டும் நமக்கு ஏற்ப அதனைச் சொன்னால் இவ்வாறாகும்: தலையை வலப்புற ஜன்னலில் சாய்த்து, வண்டியின் பின்மூலை மட்டும் சற்றே தெரியும் வரை வலப்புறக் கண்ணாடியை வெளியே திருப்பவேண்டும். பின்னர், தலையை வண்டியின் நடுப்பகுதி வரை சாய்த்து, இடப்புறக் கண்ணாடியையும் அவ்வாறே வெளியே திருப்பவேண்டும். நிமிர்ந்து அமர்ந்தால் நம் வண்டி கண்ணாடியில் தெரியாது. உட்புறக் கண்ணாடியிலிருந்து மறையும் வண்டி பக்கக் கண்ணாடியில் தோன்றும். இடப்புறத்ததைச் சாரதி இருக்கையிலிருந்தே நுட்பமாகத் திருப்ப உதவுவது மின்விசைதான். அது பழுதுற்றால், முன்பு நின்ற கோணத்திலேயே கண்ணாடி உறைந்துவிடுகிறது. அதனை உள்ளங்கையால் வலிந்து தள்ளுவோர், நன்றாயிருந்த பற்சக்கரத்தையும் கெடுத்துவிடுகின்றனர்.

நம் நாட்டில் பதிவாகியுள்ள வண்டிகளுள் பெரும்பான்மை இருசக்கர வண்டிகள். நம் காரின் இடப்புறத்து மறைவிடத்தில் வருபவர் பெரும்பாலும் தலைக்கவசம் ஒன்றைத் தவிர வேறு காப்பில்லாத ஒருவர். அவருக்குப் பின்னே அவர் மனைவியும், சில வேளைகளில் குழந்தையும் அமர்ந்திருப்பர். நாம் இடப்புறம் திரும்பும் அந்த ஒரு கணத்தில் அவர்கள் மூவரும் நம் கண்ணாடியையே நம்பியிருக்கிறார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திக் கதவைத் திறக்கும்போதும் இப்படித்தான். கதவைத் திறக்கும் முன் கண்ணாடியைப் பாராத ஒருவர், பின்னால் வரும் மிதிவண்டிக்காரரை வீழ்த்திவிடக்கூடும்.

கண்ணாடியே இல்லாத வண்டிகளும் வந்துவிட்டன. ஜப்பான் 2016இல் கண்ணாடிக்கு மாற்றாகக் காமிராவைப் பயன்படுத்த இசைவளித்தது. 2018இல் லெக்ஸஸ் வண்டி ஒன்று அத்தகைய காமிராவோடும் உட்புறத் திரையோடும் அங்கே விற்பனைக்கு வந்தது. கைக்கண்ணாடியில் தொடங்கிய வரலாறு கண்ணாடியைக் கடந்து செல்கிறது. எனினும் ஆள் இருந்த காலத்திலும், கண்ணாடி வந்த காலத்திலும், காமிராவின் காலத்திலும் வேலை ஒன்றே: பின்னால் வரும் மனிதனைச் சாரதிக்குக் காட்டுவது.

ஆகவே, நேயர்கள் இவ்வாரத்தில் ஒருநாள், வண்டியைக் கிளப்பும் முன் இரண்டு கண்ணாடிகளையும் நான்கு திசைகளிலும் அசைத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அசையாவிடில் குமிழ், ஃபியூஸ், கம்பி, மோட்டார் என்ற வரிசையில் ஆராயுங்கள். பட்டறையில் விடுவதானாலும் இவ்வரிசையில் கேள்வி கேளுங்கள். கிளீனர் வராத நாளில் லாரியை எடுக்கத் தயங்கிய பழைய சாரதிகள் நம்மிடையே இருந்தனர். அத்தயக்கம் பழுதுற்ற கண்ணாடியின் முன்னும் நமக்கு வேண்டும்.